மின்னஞ்சலில் வரும் பாதுகாப்புப் பாடம்: அமத்துவதற்கு முன் ஒருக்கால் வாசியுங்கள்

வேலைத்தளப் பாதுகாப்புப் பற்றி எழுதச் சொல்லிக் கனபேர் கேட்டிருந்தீர்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே கைத்தொலைபேசிக்குக் கொம்பனியில் இருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. திறந்தால் பத்து நிமிடப் பாடம். கொஞ்சம் படம், கொஞ்சம் எழுத்து, கடைசியில் ஐந்தாறு கேள்வி. எல்லாம் பிரெஞ்சில். முடிவில் ஒரு சின்னக் கட்டம், பக்கத்தில் 'ஜே லூ எ கொம்ப்ரி' என்று எழுதியிருக்கும். 'வாசித்தேன், விளங்கிக்கொண்டேன்' என்பது அதன் கருத்து. "ரீச்சர், இதை அமத்தவோ, விடவோ?" என்று கேட்கிறீர்கள்.

இப்படிப் பாடம் அனுப்புகிறவை பெரும்பாலும் துப்புரவுக் கொம்பனிகள், பெரிய றெஸ்ரோரன்ற் நிறுவனங்கள், அன்தெரிம் எனப்படும் தற்காலிக வேலை முகவரகங்கள். லா சப்பலில் உள்ள சின்னக் கடைகளிலும் குசினிகளிலும் மின்னஞ்சல் வராது. ஒரு தாளை நீட்டி, 'லூ எ அப்ப்ரூவே', அதாவது 'வாசித்து ஏற்றுக்கொண்டேன்' என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்வார்கள். தாளானாலும் மின்னஞ்சலானாலும் விஷயம் ஒன்றே.

முதலில் ஒரு சிறு விளக்கம். தஞ்சம் கோரியிருப்பவர்களுக்கு வந்த உடனேயே வேலை செய்யும் உரிமை கிடையாது. ஒஃப்ராவில் விண்ணப்பம் பதிந்து 6 மாதம் கடந்தும், உங்கள் தவறு இல்லாமல், முடிவு வராமல் இருந்தால்தான் வேலை அனுமதி கேட்கலாம். 2019 மார்ச் மாதத்துக்கு முன் இது 9 மாதமாக இருந்தது. ஊரில் இருந்து வந்தவர்கள் பழைய கணக்கை இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், அதை நம்ப வேண்டாம். இன்னும் அனுமதி கிடைக்காதவர்களும் இந்தப் பக்கத்தை வாசியுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பயிற்சி என்றால் என்ன?

வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று பிரெஞ்சுத் தொழிற்சட்டம் சொல்கிறது. அந்தப் பயிற்சி செய்முறையோடு கூடியதாகவும் உங்கள் வேலைக்குப் பொருத்தமானதாகவும் இருக்க வேண்டும். 'செய்முறை' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சேரும்போது மட்டும் அல்ல, வேலை மாறும்போதும் அது வேண்டும். பாத்திரம் கழுவும் பிளோன்ஜில் இருந்த உங்களை நாளைக்குப் பொரிக்கும் எண்ணெய்த் தொட்டிக்கு அனுப்பினால், அது புது வேலை. அதற்குத் திரும்பவும் காட்டித்தர வேண்டும்.

பயிற்சியில் மூன்று விஷயம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வேலைத்தளத்துக்குள் எப்படி நடமாடுவது, ஆபத்து வந்தால் எந்த வழியால் வெளியேறுவது என்பது ஒன்று. உங்கள் வேலையை ஆபத்தில்லாமல் எப்படிச் செய்வது என்பது இன்னொன்று. இதை வேலை நடக்கும் இடத்திலேயே, அல்லது அதற்கு ஒப்பான இடத்தில், முடிந்தவரை செய்து காட்டிப் படிப்பிக்க வேண்டும். மூன்றாவது, விபத்தோ தீயோ நடந்தால் என்ன செய்வது என்பது. இந்த மூன்றாவதை நீங்கள் வேலையில் இறங்கி ஒரு மாதத்துக்குள் சொல்லித்தர வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம், இவற்றைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஆபத்துகள் பற்றிய தகவலை ஒவ்வொருவருக்கும் விளங்கும் விதத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு விளங்காத பிரெஞ்சில் பத்துப் பக்கம் அனுப்புவது அந்தக் கடமையை நிறைவேற்றாது. அடுத்தது, பயிற்சி வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும், அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு, செலவு முழுவதும் முதலாளியுடையது. இரவு பதினொரு மணிக்கு வீட்டில் இருந்து 'இன்றைக்குள் முடித்து அனுப்பு' என்று சொன்னால், அந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மின்னஞ்சல் பாடம் பிழையான ஒன்று அல்ல. நல்ல பாடங்களும் வருகின்றன. ஆனால் வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒருவரும் நின்று காட்டித்தராமல், மின்னஞ்சல் ஒன்றை அனுப்பியதோடு முதலாளியின் கடமை முடிந்துபோவதில்லை.

தற்காலிக ஒப்பந்தத்தில் அல்லது அன்தெரிமில் இருப்பவர்களுக்கு ஒரு மேலதிகப் பாதுகாப்பு உண்டு. ஆபத்துக் கூடிய வேலைகள் எவை என்று முதலாளி பட்டியல் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த வேலைக்கு உங்களை விட்டால் கூடுதலான பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டு விபத்து நடந்தால், முதலாளியின் மன்னிக்க முடியாத தவறு என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அது இல்லை என்று நிரூபிப்பது அவருடைய பாடு.

அந்தச் சின்னக் கட்டம்

ஊரில் பல வருடம் படிப்பித்தவள் நான். சரியான விடைக்குக் கோடு போட்ட பிள்ளைகள் எல்லாருக்கும் பாடம் விளங்கியது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இங்கேயும் அதுதான் நடக்கிறது. பக்கத்தில் நிற்கும் பழைய அண்ணை "தம்பி, இரண்டாவதை அமத்து, பிறகு நாலாவதை" என்று சொல்லித் தருகிறார். ஐந்துக்கு ஐந்து. ஒரு சான்றிதழும் வருகிறது. அண்ணை நல்ல மனதோடுதான் செய்கிறார். ஆனால் அந்தச் சான்றிதழ் போய் இருப்பது கொம்பனியின் கோப்பில்.

விபத்து நடந்த அன்றைக்கு அந்தக் கோப்புத் திறக்கும். தன் பயிற்சிக்கும் தன்னால் முடிந்ததற்கும் ஏற்பத் தன்னையும் கூட வேலை செய்கிறவர்களையும் பார்த்துக்கொள்ள வேண்டியது தொழிலாளியின் கடமை என்றும் சட்டத்தில் இருக்கிறது. 'இவருக்குப் பயிற்சி கொடுத்தோம், விளங்கியது என்று இவரே சொன்னார், திகதி இதோ' என்று காட்டுவார்கள். அவர்களிடம் எழுத்து இருக்கிறது, உங்களிடம் இல்லை.

அதனால் நீங்களும் எழுதுங்கள். நான் இந்தப் பக்கத்தில் சொல்ல வந்ததே இதைத்தான். கொம்பனி அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் போடலாம். அது நீளமாக இருக்கத் தேவையில்லை, இலக்கணமும் தேவையில்லை. இப்படி இருந்தால் போதும்:

'போன்ஜூர். ஜெ நே பா பியன் கொம்ப்ரி லா ஃபோர்மாசியோன். ஜெ வூத்ரே ஊன் தெமோன்ஸ்த்ராசியோன் சூர் ப்லாஸ், சில் வூ ப்லே.'

'வணக்கம். பயிற்சி எனக்கு நன்றாக விளங்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் செய்து காட்டும்படி தயவுசெய்து கேட்கிறேன்' என்பது இதன் கருத்து. எங்கள் பணிமனைக்கு வந்தால் இதைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதித் தருவோம், அதைப் பார்த்து அடிக்கலாம். மரியாதையான வசனம்தான், சண்டை பிடிக்கிற வசனம் இல்லை. கட்டத்தை அமத்தாமல் பாடம் முடியாது, வேலைக்கும் விடமாட்டார்கள் என்றால், அமத்திவிட்டு அன்றைக்கே இதை அனுப்புங்கள். கொம்பனி கொடுத்த மின்னஞ்சல் கணக்கு என்றால், வேலையால் நின்ற அன்றே அதைப் பூட்டிவிடுவார்கள். அனுப்பியதைத் திரையில் படம் பிடித்து உங்கள் சொந்தத் தொலைபேசியில் வைத்திருங்கள்.

ஒரு தம்பியின் விஷயத்தைச் சொல்கிறேன், பெயரும் இடமும் வேண்டாம். இரவில் குசினி கழுவும் வேலை. அடுப்புக் கறையைக் கரைக்கும் திரவம் அடிக்க வேண்டும். கையுறை விரல் நுனியில் கிழிந்துபோய் இருந்தது. அவர் அதைப் படம் எடுத்து, 'புதுசு வேணும்' என்ற கருத்தில் இரண்டு சொல் எழுதிப் பொறுப்பாளரின் தொலைபேசிக்கு அனுப்பியிருக்கிறார். பதில் இல்லை. மூன்று கிழமைக்குப் பிறகு அதே கையில் இரண்டு விரல் வெந்துபோனது. வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒருவருக்கும் சொல்லாமல், வைத்தியசாலையில் 'வீட்டில் நடந்தது' என்று சொல்லிவிட்டார். எங்களிடம் வந்தபோது இரண்டு மாதம் கடந்துவிட்டது. கொம்பனியிடம் அவர் முடித்த மின்னஞ்சல் பாடத்தின் சான்றிதழ் இருந்தது. தம்பியிடம் இருந்தது அந்த ஒரு படமும் இரண்டு சொல்லும்தான். அவருடைய கோப்பில் இன்றைக்கு அதைவிடப் பலமான தாள் வேறு இல்லை.

ஏனென்றால் தொழிற்சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. தொழிலாளி ஒரு ஆபத்தை முதலாளிக்கு முன்கூட்டியே அறிவித்திருந்து, அதே ஆபத்தால் அவருக்கே விபத்து நடந்தால், முதலாளியின் மன்னிக்க முடியாத தவறு தானாகவே ஏற்றுக்கொள்ளப்படும். அதனால் நட்டஈடு கூடும். வாயால் சொன்னதையும் சாட்சி வைத்துக் காட்டலாம். ஆனால் கூட வேலை செய்கிறவர் சாட்சி சொல்ல வருவாரோ என்பது உங்களுக்கே தெரியும். திகதியோடு ஒரு குறுஞ்செய்தி இருந்தால் அவரைக் கெஞ்சத் தேவையில்லை.

பாடத்துக்குள் இருப்பதையும் படியுங்கள்

இவ்வளவும் சொன்னதற்காகப் பாடத்தைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் உள்ளது உங்கள் கையும் கண்ணும். தொலைபேசியில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலியால் ஒரு பக்கமாக வாசிக்கலாம். ஒரு கவனம்: 'பா', 'ஜமே' என்று வரும் இடங்களைப் பிரெஞ்சிலேயே தேடிப் பாருங்கள். 'செய்யாதே', 'ஒருபோதும் இல்லை' என்று சொல்லும் சொற்கள் அவை. மொழிபெயர்ப்பில் ஒரு 'இல்லை' தவறினால் பாடமே தலைகீழாகிவிடும்.

அடையாளங்களுக்கு மொழி தேவையில்லை. சிவப்பு வட்டத்துக்குள் குறுக்குக் கோடு என்றால் செய்யக்கூடாது. நீல வட்டம் என்றால் கட்டாயம் செய்ய வேண்டும், உதாரணமாகக் கையுறை போடுவது. மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை. பச்சை என்றால் வெளியேறும் வழி அல்லது முதலுதவி. இரசாயனப் போத்தல்களில் சிவப்புக் கரையோடு சாய்சதுரமாக இருக்கும் படங்கள் மொத்தம் ஒன்பது. துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள் அதில் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஒரு கையின் மேலும் ஒரு உலோகத் துண்டின் மேலும் திரவம் ஊற்றி அரிப்பது போன்ற படம் அது. தோலையும் கண்ணையும் அரிக்கும் என்று கருத்து. அடுப்புக் கறை நீக்கிகளில் இது கனக்க இருக்கும், பலவற்றில் கோஸ்டிக் சோடா கலந்திருக்கிறது.

ஜாவெல் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கடை ஆக்களுக்கு, இரண்டு மருந்தைக் கலந்தால் இரண்டு மடங்கு சுத்தம் என்று ஒரு நம்பிக்கை. ஜாவெலோடு விநாகிரியையோ, கழிவறைச் சுண்ணாம்புக் கறை நீக்கும் தெதார்த்ரோனையோ கலந்தால் குளோரின் வாயு வரும். சின்னக் கழிவறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இதைச் செய்தால் மூச்சு அடைத்துவிடும். ஒன்றை ஊற்றி, நன்றாகத் தண்ணீரால் கழுவி, காற்றோட்டம் விட்ட பிறகே மற்றதை எடுக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தலில் ஜாவெலை ஊற்றி வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். அடுத்த முறை வேலைக்கு வருகிறவர் அதைக் குடிக்கலாம்.

எரியும் எண்ணெய்க்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. அடுப்பை நிறுத்தி, மூடியால் மூடுங்கள். சூடு பட்டால் ஓடும் சாதாரணத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் பிடிக்க வேண்டும். பற்பசை, வெண்ணெய் எல்லாம் பூச வேண்டாம். கண்ணில் இரசாயனம் தெறித்தாலும் முதலில் தண்ணீர்தான், பத்துப் பதினைந்து நிமிடம், பிறகு 15 ஐ அழையுங்கள். தீயென்றால் 18. இரண்டும் பிடிபடாவிட்டால் 112.

பாரம் தூக்குவதிலும் எல்லை உண்டு. தொழில் வைத்தியர் அனுமதிக்காமல் ஒரு ஆணை வழமையாக 55 கிலோவுக்கு மேல் தூக்க விடக்கூடாது. பெண்ணுக்கு எல்லை 25 கிலோ. ஒரு பெரிய அரிசி மூட்டை அந்த எல்லையைத் தொட்டுவிடும் என்பதைக் கடைகளில் வேலை செய்யும் தங்கச்சிமார் கவனிக்கவும். கையுறை, வழுக்காத சப்பாத்து, கண்ணாடி போன்ற பாதுகாப்புப் பொருட்கள் இலவசமாகத் தரப்பட வேண்டும். சப்பாத்துக் காசைச் சம்பளத்தில் வெட்டியிருந்தால் சம்பளத் துண்டைக் கொண்டு வந்து காட்டுங்கள்.

மேலதிகமாகப் படிக்க விருப்பம் உள்ளவர்களுக்கு இரண்டு வழி சொல்கிறேன். ஐஎன்ஆர்எஸ் என்பது பிரான்சில் தொழில் விபத்துத் தடுப்புக்கான நிறுவனம். தாமாகவே படிக்கக்கூடிய இலவசப் பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது, பிரெஞ்சு ஓரளவு வந்த பிறகு அவை பயன்படும். பிரெஞ்சு வராதவர்களுக்கு 'நாப்போ' என்ற சின்னக் கேலிச்சித்திரப் படங்கள் இருக்கின்றன. ஐஎன்ஆர்எஸ் உட்பட ஐரோப்பிய நிறுவனங்கள் சேர்ந்து தயாரிப்பவை. நாப்போ ஒரு சொல்லும் கதைக்க மாட்டார், ஆனால் எல்லாம் விளங்கும். பிள்ளைகளோடு இருந்து பார்க்கலாம். பத்து மின்னஞ்சலை விட ஒரு நாப்போ படம் மேல் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

பத்திரம் இல்லாதவர்களுக்கு

அனுமதி இல்லாமல் வேலை செய்யுங்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் செய்கிறவர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்கும் பாதுகாப்புச் சட்டம் உண்டு. வேலை அனுமதி இல்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைத்தவர், சுகாதாரம், பாதுகாப்பு, வேலை நேரம் ஆகியவற்றில் அவரைச் சட்டபூர்வமான தொழிலாளியைப் போலவே நடத்த வேண்டும் என்று தொழிற்சட்டம் சொல்கிறது. கறுப்பில் வேலை செய்தாலும் விபத்து வேலை விபத்துத்தான். பிரான்சில் வேலை விபத்துச் சட்டம் 1898 ஏப்ரல் 9 ஆம் திகதி வந்தது. இலங்கையிலும் வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் 1934 இல் இருந்தே இருக்கிறது. எங்களில் எத்தனை பேருக்கு அதைப் பற்றி யார் சொன்னார்கள் என்பது வேறு கதை.

எங்களுக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். லா சப்பலில் இருந்து நடந்து போகும் தூரத்தில், ஷாத்தோ தோ மெற்றோவுக்குக் கிட்ட, பூல்வார் த ஸ்ராஸ்பூர் 57 ஆம் இலக்கத்தில் ஒரு சிகை அலங்காரக் கடை இருந்தது. 2014 மே மாதம் அங்கு வேலை செய்த, பெரும்பாலும் பத்திரம் இல்லாத தொழிலாளர்கள் சேஜேதே தொழிற்சங்கத்தின் துணையோடு வேலைநிறுத்தம் செய்து கடையிலேயே தங்கினார்கள். 2018 பெப்ரவரியில் பாரிஸ் நீதிமன்றம் அந்த விடயத்தில் மனித வணிகக் குற்றத்துக்காகத் தண்டனை விதித்தது. பத்திரம் இல்லாதவருடைய முறைப்பாட்டை ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

தொழில் பரிசோதகரின் பெயரும் இலக்கமும் வேலைத்தளச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். முறைப்பாடு யாரிடம் இருந்து வந்தது என்பதை அவர் முதலாளிக்குச் சொல்லக் கூடாது. 1947 ஆம் ஆண்டின் 81 ஆம் இலக்கச் சர்வதேசத் தொழில் உடன்படிக்கையிலேயே அது இருக்கிறது. பத்திரம் இல்லாதவர்கள் அழைப்பதற்கு முன் எங்களிடமோ ஒரு தொழிற்சங்கத்திடமோ வந்து கதைப்பது நல்லது.

உயிருக்கோ உடலுக்கோ உடனடியான பெரிய ஆபத்து என்று நியாயமாக நினைத்தால், முதலாளிக்கு அறிவித்துவிட்டு அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காகச் சம்பளம் வெட்டக் கூடாது, தண்டிக்கவும் கூடாது. 'வேலை கஷ்டம்' என்பது இதற்குள் வராது. மின்கம்பி வெளியே தெரியும் இயந்திரம், காவல் தகடு கழற்றிய வெட்டும் இயந்திரம் போன்றவை வரும்.

விபத்து நடந்துவிட்டால்

24 மணி நேரத்துக்குள் முதலாளிக்கு அறிவியுங்கள், எழுத்தில் என்றால் நல்லது. வைத்தியரிடம் 'அக்சிதோன் து த்ரவாய்', வேலை விபத்து, என்ற சொல்லைச் சொல்லுங்கள். 'வீட்டில் நடந்தது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் மருத்துவக் காப்புறுதி அலுவலகத்துக்கு அறிவித்து, உங்களுக்கு ஒரு விபத்துத் தாள் தர வேண்டும். அதைக் காட்டினால் அந்தக் காயத்துக்கான வைத்தியத்துக்கு முற்காசு கொடுக்கத் தேவையில்லை. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு முதல் 28 நாளும் நாட்சம்பளத்தின் 60 வீதமும், 29 ஆம் நாளில் இருந்து 80 வீதமும் கிடைக்கும். முதலாளி அறிவிக்க மறுத்தால் நீங்களே அறிவிக்கலாம், அதற்கு 2 வருட அவகாசம் உண்டு. மேலே சொன்ன தம்பிக்கு வழி கிடைத்தது அதனால்தான்.

எங்களிடம் வரும்போது இருப்பதைக் கொண்டு வாருங்கள்: கொம்பனியில் இருந்து வந்த பாட மின்னஞ்சல், நீங்கள் போட்ட பதில், சம்பளத் துண்டு அல்லது சம்பளம் வாங்கியதைக் காட்டும் வேறு எதுவும், வைத்தியரின் தாள், கூட வேலை செய்த ஒருவருடைய பெயர். எல்லாம் இல்லாவிட்டாலும் வாருங்கள். மின்னஞ்சலின் கடவுச்சொல் மறந்துபோனவர்கள் அந்தக் கணக்கைத் தொடங்கிய தொலைபேசி இலக்கம் உள்ள சிம்மைக் கட்டாயம் கொண்டு வரவும். முதலில் அதைத் திறந்து பார்ப்போம்.